தபாலில் கேட்ட மருந்து

சென்னை
15-7-1961

அன்புள்ள அக்கா நசீமாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அத்தா, அம்மா, நீ, நம் பனியன் கம்பெனியில் எல்லோரும் சுகமாக இருக்க துஆச் செய்கிறேன். அத்தாவுக்கு எழுத்து வராததால் இதை நீதான் உரக்கப் படிப்பாய். மெதுவாகப் படி, அத்தா கட்டாயம் இரண்டாம் தடவை கேட்பார்.

மருத்துவக் கல்லூரியில் வகுப்புகள் தொடங்கிவிட்டன. இப்போதைக்கு நோயாளி யாரையும் நாங்கள் பார்ப்பதில்லை. ஒரு பனியன் எப்படித் தைக்கப்பட்டது என்று தெரிய வேண்டுமானால், தைத்த வழியே அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? அதுபோல இறந்தவர்களின் உடலைப் பிரித்துப் படிக்கிறோம். பாடம் முழுக்க இங்கிலீஷ். பேராசிரியர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்போது நான் அதன் முதல் சொல்லில் நின்றுகொண்டிருக்கிறேன். பழகிவிடும்.

என் அறையில் கூட இருப்பவன் வெள்ளகோவில் பையன், கந்தப்பன். நம் பேச்சைக் கேட்க ஓர் ஆள் இருப்பது பெரிய ஆறுதல்.

ஹாஸ்டலில் சாப்பாடு நன்றாக இருக்கிறது. தூக்கத்துக்குக் குறைவில்லை. யாரும் கவலைப்பட வேண்டாம்.

உன் தம்பி,
பாரூக்


நல்லூர்
12-8-1961

அன்புத் தம்பி பாரூக்குக்கு,

வ அலைக்கும் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையில் நாங்கள் நலம். நீயும் அப்படியே இருக்க அம்மா ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்துகிறார்.

ஜும்மா முடிந்து வந்ததும் அத்தா மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டார். கட்டிங் மேசையைச் சுற்றி எல்லோரும் உட்கார, நடுவில் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். அத்தா இரண்டாம் தடவையோடு நிறுத்தவில்லை, மூன்றாம் தடவையும் கேட்டார். இறந்தவர்களைப் பிரித்துப் படிக்கிறீர்கள் என்றதும் நூல் சுற்றும் கருப்பாத்தாள், “செத்தவங்களையே பாத்தவருக்கு உசுரோட இருக்கறவங்களப் பாக்கறது பெரிய காரியமுங்களா!” என்றாள். ஒரே சிரிப்பு.

பிறகு ஒவ்வொருவராக என்னிடம் சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. கருப்பாத்தாளுக்குத் தலைசுற்றல். மிஷின் ஓட்டும் லிங்கசாமி அண்ணனுக்குக் கண்ணில் நீர் வடிகிறது. அவர் மனைவி சுப்பாத்தாளுக்கு அடிக்கடி வயிற்று வலி. “என்ற பையன் எழுதுவான், பொறுங்க” என்று அத்தா எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த கடிதத்தில் மருந்துப் பெயர்களை எழுது.

இன்னொரு செய்தி. வீட்டின் முன்பக்கம் உனக்காக ஓர் அறை கட்டக் கடைக்கால் பறித்தாகிவிட்டது. வருகிறவர்கள் உட்கார பெஞ்சு, நீ உட்கார நாற்காலி, எல்லாம் அத்தா மனத்தில் தயார்.

அக்கா,
நசீமா


சென்னை
3-9-1961

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் நாடுகிறேன்.

அத்தாவிடம் பக்குவமாகச் சொல். போன வாரம் வேலைக்கு வந்த ஆளிடம் நிட்டிங் மிஷினில் ஊசி மாற்றச் சொல்வாரா? சொல்ல மாட்டார். நான் அந்த ஆள்தான். மருந்துகளைப் பற்றிய பாடமே இன்னும் நடக்கவில்லை. அம்மாவையும் மற்றவர்களையும் திருப்பூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகச் சொல். இதில் வெட்கப்பட எனக்கு ஒன்றும் இல்லை, அத்தாவுக்கும் இருக்கக் கூடாது.

இதற்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். அதை உரக்கப் படிக்காதே.

அக்கா, எனக்குக் கறி இறங்கவில்லை. பிரேத அறையின் மருந்து வாடை விரல் நகத்துக்குள் ஏறிக்கொண்டது. எத்தனை முறை கழுவினாலும் சோற்றை வாய்க்குக் கொண்டு போகும்போது அதுதான் முதலில் வருகிறது. படுத்தால் படித்த நரம்புகளின் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன, ஏதாவது ஒன்று விட்டுப்போனால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். கந்தப்பனும் இப்படித்தான் என்கிறான். ஆனால் அவன் தூங்குகிறான்.

பாரூக்


நல்லூர்
8-10-1961

அன்புத் தம்பிக்கு,

ஸலாம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

கோட்டுக்குக் கீழே இருந்ததை நான் மட்டும் படித்தேன். கறி பிடிக்காவிட்டால் மோர் ஊற்றிச் சாப்பிடு. புது இடம், சரியாகிவிடும்.

கோட்டுக்கு மேலே இருந்ததைக் கேட்டு அத்தாவுக்குக் கோபம். எல்லோர் முன்னாலும் சொன்னார்: “துணியில ஓட்டை உளுந்தா எந்த ஊசி ஒடஞ்சுதுன்னு நான் ரெண்டாம் நாளே சொன்னேன். இவனுக்கு ஒரு மாத்திரை பேரு தெரியாதா? அங்க போயி என்னத்தப் படிக்கறான்?” யாரோ பின்னால் சிரித்தார்கள். அத்தா முகம் சுருங்கிவிட்டது. அன்று அவர் சாப்பிடவில்லை, பாரூக். அவர் அப்படி உட்கார்ந்திருந்ததை நீ பார்த்திருந்தால் ஏதாவது எழுதியிருப்பாய்.

எல்லோருக்கும் வேண்டாம். சுப்பாத்தாளுக்கு மட்டும் எழுது, போதும். முன்பெல்லாம் விட்டு விட்டு வந்த வலி இப்போது வலது பக்கம் அடிவயிற்றில் நின்றுவிட்டதாம். வெளிக்குச் சரியாகப் போகவில்லை. நிமிர்ந்து நடக்க முடியாமல் குனிந்தே வருகிறாள். ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், “பாரூக்குத் தம்பி எழுதட்டுமுங்க, அதுவரைக்கும் பொறுத்துக்கறேன்” என்கிறாள்.

இரண்டு வரி எழுது. அத்தாவுக்காக.

நசீமா


சென்னை
12-10-1961

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். நலம், நலமே நாடுவதும்.

சுப்பாத்தாள் அக்காவுக்கு மலச்சிக்கலாக இருக்கலாம். விளக்கெண்ணெய் கொடுங்கள். வெந்நீர் ஒத்தடமும் கொடுக்கலாம். குணமாகாவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கட்டாயம் போக வேண்டும்.

இதை அத்தாவுக்குப் படித்துக் காட்டு.

பாரூக்


நல்லூர்
27-10-1961

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா?

வருத்தமான செய்தி ஒன்று. சுப்பாத்தாள் மவுத்தாகிவிட்டாள். நீ மனம் கலங்கக் கூடாது, உன் மேல் ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் வந்த அன்றைக்கே லிங்கசாமி அண்ணன் விளக்கெண்ணெய் வாங்கிக் கொடுத்தார். வயிறு நன்றாகப் போயிற்று. விடியும்போது, அத்தனை நாள் இருந்த வலி சட்டென்று நின்றுவிட்டதாம். எழுந்து உட்கார்ந்து சிரித்துப் பேசியிருக்கிறாள். அதற்குப் பிறகு காய்ச்சல் ஏறி, வயிறு பலகை போல இறுகிப்போய், கோயமுத்தூருக்குக் கார் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுடைய ஆயுள் அவ்வளவுதான்.

காரியம் முடிந்த கையோடு லிங்கசாமி அண்ணன் நம் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். அத்தாவிடம் சொன்னார்: “பாய், தம்பி எழுதுன மருந்தக் குடிச்ச பொறகுதானுங்க அவ வலியில்லாம கண்ணசந்தா. அந்த ஒரு காலை நேரமாச்சும் சிரிச்சாளுங்க. அது தம்பி குடுத்ததுங்க.” அத்தா அழுதுவிட்டார். பெருமையில்தான்.

இப்போது நல்லூரில் வேறு தெருக்களிலிருந்தும் ஆட்கள் வந்து என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றையும் தனித்தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். முன்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. பெயர்ப்பலகைக்கும் அத்தா சொல்லிவிட்டார்.

நசீமா


சென்னை
2-2-1962

அக்காவுக்கு,

ஸலாம். நீ எழுதிய கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. இதை யாருக்கும் படித்துக் காட்டாதே, ஒரு வரிகூட.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை வார்டுக்கு எங்கள் வகுப்பு போவதற்கு இன்னும் நாளாகும். நான் தனியாகப் போனேன். அங்கிருந்த பெரிய டாக்டரிடம், யாருக்கோ என்பது போல, சுப்பாத்தாள் அக்காவின் வலியையும் விளக்கெண்ணெய் கொடுத்ததையும் சொல்லிக் கேட்டேன். அது குடல்வால் வீக்கம் என்றார். அறுத்து எடுத்தால் பிழைத்திருப்பார்களாம். “அந்த நிலையில் பேதிக்குக் கொடுத்தால் வீங்கியது வெடித்துவிடும். எந்த மடையன் கொடுத்தான்?” என்று கேட்டார். அந்தக் குடல்வாலை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், அக்கா. அதன் இங்கிலீஷ் பெயர் தெரியும், நீளம் தெரியும். அது வலித்தால் எப்படி வலிக்கும் என்று மட்டும் தெரியாது.

வலி நின்றது, சிரித்தாள் என்று எழுதியிருந்தாய். அளவுக்கு மேல் காற்றடித்த சைக்கிள் டியூப் வெடித்தால் இறுக்கம் போய்விடும். அதற்காக டியூப் நன்றாகிவிட்டது என்று சொல்வோமா? வலி நின்றது அப்படித்தான். அந்தச் சிரிப்பு நான் செய்தது.

லிங்கசாமி அண்ணனிடம் நீ இதைச் சொல்ல வேண்டும். அவர் என்னைத் திட்ட வேண்டும். அவர் நன்றி சொன்னார் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியோடு என்னால் இந்த அறையில் இருக்க முடியவில்லை. வகுப்பில் உட்கார்ந்தால் சொல் எதுவும் காதில் ஏறுவதில்லை. கை எரியும் வரை கழுவுகிறேன்.

என்னைக் கூப்பிட்டுக்கொள். நூல் சுற்றுகிறேன், துணி மூட்டை கட்டுகிறேன், என்ன வேலை என்றாலும் சரி. எப்படிச் சொன்னால் அத்தா ஒத்துக்கொள்வார் என்பது உனக்குத்தான் தெரியும்.

பாரூக்


நல்லூர்
20-2-1962

என் அன்புத் தம்பிக்கு,

ஸலாம். அல்லாஹ் உன் மனத்துக்கு அமைதி தரட்டும்.

உன் கடிதம் வந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். தபால்காரரிடம் அத்தாவே கையில் வாங்கி, மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டார். நான் பிரித்து முதல் இரண்டு வரியைக் கண்ணால் பார்த்ததுமே இது உரக்கப் படிக்கக் கூடாதது என்று தெரிந்துவிட்டது. எதிரே லிங்கசாமி அண்ணன். நான் என்ன செய்வேன்? தாளைப் பார்த்தபடியே என் மனத்தில் வந்ததைப் படித்தேன். பாரூக் நன்றாகப் படிக்கிறான், பேராசிரியர் பாராட்டினார், எல்லோருக்கும் ஸலாம் சொன்னான் என்று. “சுப்பாத்தாளப் பத்தித் தம்பி ஒண்ணும் எழுதலீங்களா அம்மிணி?” என்று அவர் கேட்டார். மிகவும் வருத்தப்பட்டிருக்கிறான் என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவரிடம் நான் சொல்லப் போவதில்லை, பாரூக். சாயத்தொட்டியில் போட்ட துணியை மறுபடி வெள்ளையாக எடுக்க முடியாது. சொன்னால் அவருக்கு இருக்கிற அந்த ஒரு காலை நேரமும் போய்விடும். அத்தா அதன்பிறகு தெருவில் நடக்க மாட்டார். நீ தெரிந்து செய்தாயா? எழுது எழுது என்று உன்னை நெருக்கியது நான்தானே?

இப்போது வராதே. ஏப்ரலில் பரீட்சை. அதை முடித்துவிட்டு வா, லீவில் பேசிக்கொள்ளலாம். நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

அத்தா பக்கத்தில் வந்து நிற்கிறார். லிங்கசாமி அண்ணனுக்கு இருமல் விடவில்லை, அதற்கு என்ன என்று கேட்டு எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். நீ பதில் எழுத வேண்டாம்.

நசீமா


சென்னை
10-4-1962

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் படித்துக் காட்டலாம்.

படிப்பு நல்லபடி நடக்கிறது. ஹாஸ்டலில் சாப்பாடு நன்றாக இருக்கிறது. தூக்கத்துக்குக் குறைவில்லை. யாரும் கவலைப்பட வேண்டாம்.

லிங்கசாமி அண்ணனுக்கு என் ஸலாம்.

பாரூக்


சென்னை
18-6-1962

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

பாரூக்கின் அறையில் இருக்கும் வெள்ளகோவில் கந்தப்பன் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் பெரியவர்களும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். பாரூக்குக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவன் பரீட்சை எழுதவில்லைங்க. லீவுக்கு ஊருக்கு வராததும் அதனால்தான். மண்டப வாசல் வரைக்கும் என்னோடு வந்தான். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று போனவன் திரும்பவில்லை. சாப்பாட்டுக் கூடத்துக்கு அவன் வந்து மாதக்கணக்கில் ஆகிறது. நான் வற்புறுத்திக் கொடுத்தால் ரொட்டி தின்பான். ராத்திரி பகல் எப்போது பார்த்தாலும் விழித்துத்தான் இருக்கிறான். நீங்கள் அனுப்பிய நோய்த்தாள்கள் எல்லாம் அவன் தலையணைக்கடியில் இருக்கின்றன. ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை, ஒன்றையும் கிழிக்கவும் விடவில்லை.

இப்போது தினமும் ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிறான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும் கூட வருகிறவர்களிடம், “விளக்கெண்ணெய் கொடுத்தீர்களா?” என்று கேட்கிறான். காவல்காரர் விரட்டினால் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறான்.

வார்டனிடம் சொன்னேன். நரம்புத் தளர்ச்சி, ஊருக்கு அனுப்பு என்றார். அவ்வளவுதான். இப்படி ஆனவன் இவன் ஒருவன் அல்ல. போன வருஷம் எங்கள் மாடியில் ஒரு பையன் பெட்டி படுக்கையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் பேரை இங்கே யாரும் சொல்வதில்லை. பேசினால் நம்மையும் பிடித்துக்கொள்ளும் என்பது போல எல்லோருக்கும் ஒரு பயம். எனக்கும் உண்டு.

அப்பாவை உடனே வரச் சொல்லுங்கள்.

தங்கள் பணிவுள்ள,
கந்தப்பன்


நல்லூர்
5-9-1962

அன்புத் தம்பி கந்தப்பனுக்கு,

நசீமா எழுதுவது. நீயும் வெள்ளகோவிலில் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ரயில் ஏறும்வரை பாரூக்கின் கையை நீ விடவில்லை என்று அத்தா சொன்னார். உன் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கும்.

பாரூக் வீட்டில்தான் இருக்கிறான். எங்கும் போவதில்லை. அத்தா அவனுக்கென்று கட்டிய முன்னறையில், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறான். படிப்புச் சூடு தலைக்கு ஏறிவிட்டது, ஆறினால் மறுபடி போவான் என்று அத்தா எல்லோரிடமும் சொல்கிறார். பலகையை மாட்டவில்லை, சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். ஆனால் கதவைத் திறந்தே வைக்கிறார். ஆட்களும் வருகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து வலியைச் சொல்கிறார்கள். பாரூக் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், ஒன்றும் சொல்வதில்லை. “டாக்டரு காது குடுத்துக் கேட்டாலே பாதி வலி போயிருதுங்க” என்று கருப்பாத்தாள் ஊரெல்லாம் சொல்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை லிங்கசாமி அண்ணன் வந்திருந்தார். பாரூக் எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தான். ஊருக்கு வந்ததிலிருந்து அவன் பேசிய பேச்சு அது ஒன்றுதான். “அண்ணா, சுப்பாத்தாள் அக்காவ நாந்தான் கொன்னேன். அந்த எண்ணெயக் குடுக்கவே கூடாதுங்க” என்றான். அவர் பதறிப்போய் அவனைத் தூக்கி, “என்னுங்க தம்பி இது! நீங்க எங்களுக்குச் சாமி மாதிரிங்க. அப்பிடிச் சொல்லாதீங்க” என்று தலையைத் தடவினார். அத்தா வெளியே போய் நின்றுகொண்டார். பாரூக் திரும்பி என்னைப் பார்த்தான், கந்தப்பா. அந்த அறையில் அது உண்மை என்று தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் வாயைத் திறக்கவில்லை. அவன் போய் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். அதற்குப் பிறகு யாரையும் பார்ப்பதுகூட இல்லை.

கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த மாத்திரையில் தூங்குகிறான், எழுகிறான், அவ்வளவுதான். தர்காவுக்கும் கூட்டிப் போனோம்.

கேட்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறேன். நீயும் டாக்டருக்குத்தானே படிக்கிறாய். என் தம்பிக்கு இது என்ன நோய்? இதற்கு என்ன மருந்து? இரண்டு வரி எழுது, போதும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? அதையும் எழுது.

அக்கா,
நசீமா


சென்னை
8-10-1962

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டில் அனைவரின் நலத்தையும் வேண்டுகிறேன். பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னியுங்கள். எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன்.

நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லைங்க. எங்கள் புத்தகங்களில் தேடிப் பார்த்தேன். பெயர்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எது பாரூக்குடையது என்று எழுத எனக்குக் கை வரவில்லை. இதைப் பற்றித் தெரிந்த ஒரு பெரிய டாக்டரிடம் மீண்டும் காட்டுங்கள்.

அவன் கட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. புதிதாக யாரும் வர மாட்டேன் என்கிறார்கள். போன வாரம் வெள்ளகோவிலிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் பெரியம்மாவுக்கு வயிற்றில் வலியாம்.

என்னைப் பற்றி விசாரித்திருந்தீர்கள். ஹாஸ்டலில் சாப்பாடு நன்றாக இருக்கிறது. தூக்கத்துக்குக் குறைவில்லை.

தங்கள் பணிவுள்ள,
கந்தப்பன்